ஓடு கிடந்த இடம்: கிழக்கிலிருந்து விவிலியத் தொல்லியல் படிக்கப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்துகொண்டு விவிலியத் தொல்லியல் பாடநெறிக்குப் பதிகிறவர் முதல் வகுப்பில் எதிர்பார்ப்பது நோவாவின் பேழையை. கையில் கிடைப்பதோ உடைந்த சட்டி விளிம்புகள் வரைந்த ஒரு தாள். எரிகோ மதிலும் தாவீதின் அரண்மனையும் பிறகு வரும். வந்தாலும் பேச்சு திரும்பத் திரும்ப அந்தச் சட்டி விளிம்புக்கே போய் நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்குப் பாடம் இனிக்கும். தெரியாமல் போகிறவர் மூன்றாம் வாரம் ‘வேதம் உண்மையா பொய்யா, ஒரு சொல்லில் சொல்லுங்கள்’ என்று விரிவுரையாளரைக் கேட்பார். அவர் சொல்லமாட்டார்.

ஒரு பருவப் பாடநெறி பொதுவாக 14 வாரம் போகும். அதற்குள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடக்கவேண்டும். கி.மு. 2000 முதல் 1550 வரை நடு வெண்கலக் காலம், 1200 வரை பின் வெண்கலக் காலம், அங்கிருந்து 1000 வரை முதல் இரும்புக் காலம், பிறகு எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்த 586 வரை இரண்டாம் இரும்புக் காலம், அதன்பின் பாரசீகம், கிரேக்கம், உரோமம். இந்த எல்லை ஆண்டுகளை முதல் வாரத்திலேயே மனனம் செய்துவிடுவது நல்லது. மாணவர் அதிகம் தடுக்கி விழும் இடம் கி.மு. எண்கள் பின்னோக்கி எண்ணப்படுவதுதான். ‘9 ஆம் நூற்றாண்டு’ என்றால் 900 முதல் 801 வரை. அது 10 ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியது. மண்ணடுக்கு எண்களிலும் இதே குழப்பம் உண்டு. தோண்டுகிறவர் மேலிருந்து கீழே போவதால் அடுக்கு 1 என்பது ஆகப் பிந்தியது, அடுக்கு 10 பழையது.

எங்கே படிப்பது என்பதற்கு மூன்று வழி இருக்கிறது. இறையியல் கல்லூரிகள் ஒன்று. 1963 இல் தொடங்கிய பிலிமத்தலாவை இலங்கை இறையியல் கல்லூரியும் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் செராம்பூர் பட்டத்துக்கு ஆயத்தம் செய்பவை. அப்படியான இடங்களில் தொல்லியல் தனிப்பாடமாக நிற்பதைவிடப் பழைய ஏற்பாட்டுப் பின்னணியோடு கலந்து வருவதுதான் வழக்கம். இரண்டாவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஒன்லைன் வகுப்பு. மூன்றாவது, முன்பதிவு செய்த காணொளிகளாக உள்ள திறந்த பாடநெறிகள். டெல் அவிவ், பார்-இலான் பல்கலைக்கழகங்கள் இரண்டும் இவ்விதம் வெளியிட்டிருக்கின்றன. காசு கட்டுமுன் இந்த மூன்றாவதில் இரண்டு மூன்று பாடம் பார்த்துவிடுவதுதான் புத்தி.

நேரலை வகுப்பென்றால் மணிக்கூட்டைக் கவனிக்கவேண்டும். நியூயோர்க்கில் கோடையில் மாலை 7 மணி என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 4:30, குளிர்காலத்தில் 5:30. எருசலேமில் கோடையில் மாலை 6 மணி என்றால் நமக்கு இரவு 8:30. பகலில் பள்ளிக்கூடத்திலோ அலுவலகத்திலோ வேலை பார்க்கிறவருக்கு எருசலேம் நேரம்தான் தோது.

பாடநெறியின் பெயரும் ஒரு தகவல்தான். 1970களிலிருந்து அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் டெவர் போன்றவர்கள் ‘விவிலியத் தொல்லியல்’ என்ற பெயரையே விடச் சொன்னார்கள். ‘சிரிய-பாலஸ்தீனத் தொல்லியல்’ என்றார்கள். இப்போது ‘லெவண்ட் தொல்லியல்’ என்பதும் உண்டு; லெவண்ட் என்றால் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை நாடுகள். பெயரில் விவிலியம் இல்லாத பாடநெறியில் ஊர்களின் குடியிருப்பு, உணவு, வணிகம் கூடுதலாக இருக்கும். வசன விளக்கம் குறையும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து பதியவேண்டும்.

தமிழ் வாசகருக்கு மட்டும் உள்ள ஒரு சில்லறைத் தொல்லை: நம்மிடம் பெயர்கள் இரட்டை. புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் ‘2 இராஜாக்கள்’, கத்தோலிக்கர் கையிலுள்ள திருவிவிலியத்தில் ‘2 அரசர்கள்’. ஆட்பெயர், ஊர்ப்பெயர்களிலும் எழுத்து மாறும். பாடநூலின் ஆங்கிலப் பெயர், இரண்டு தமிழ் வடிவங்கள், அந்த இடத்தின் இன்றைய அரபு அல்லது எபிரேயப் பெயர் என்று நாலு நிரல் போட்ட ஒரு கொப்பி வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். லாகீஸ் என்று நாம் வாசிக்கும் ஊர் பழைய அறிக்கைகளில் ‘தெல் எத்-துவேர்’ என்றே கிடக்கும்.

சதுரத்துக்குள் நடப்பது

‘தெல்’ என்பது மேடு. மண்கல்லால் வீடு கட்டி, அது இடிய, அதன்மேலேயே மறுபடி கட்டி, பல நூற்றாண்டு உயர்ந்த ஊர்மேடு. 1890 இல் தெல் எல்-ஹெசியில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி ஆறு வாரம் வேலை செய்து, ஒவ்வோர் அடுக்கிலும் வேறு வேறு வகைச் சட்டி பானை வருகிறது, அதை வைத்தே காலத்தைச் சொல்லலாம் என்று காட்டினார். அங்கேதான் இந்தத் துறை முறையாகத் தொடங்கியது.

அடுக்கு என்றால் என்ன என்பதைக் கிழக்குக் கரையில் இருப்பவருக்கு நீட்டி விளக்கவேண்டியதில்லை. நாவலடியிலோ மருதமுனையிலோ கலையாமல் கிடக்கும் ஒரு வளவில் குழி வெட்டினால், தோட்ட மண்ணுக்கும் பழைய மண்ணுக்கும் நடுவே கடல்மணல் ஒரு படையாக ஓடக்கூடும். அது 2004 டிசம்பர் 26 காலை வந்த மணல். அதற்குக் கீழே இருப்பது எல்லாம் அந்தக் காலைக்கு முந்தியது. மேலே இருப்பது பிந்தியது. மணலுக்கு மேல் கட்டிய வீட்டின் அத்திவாரம் அந்தப் படையை வெட்டிக்கொண்டு கீழே போயிருந்தால், அத்திவாரம் ஆழத்தில் இருந்தாலும் அது பிந்தியதுதான். அழிவுப் படை, அதை வெட்டிய குழி, குழியை நிரப்பிய மண் ஆகிய மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தால் இப்பாடத்தின் முக்கால்வாசி கைவந்துவிட்டது.

தோண்டும் முறை இது. நிலத்தை 5 மீற்றருக்கு 5 மீற்றர் சதுரங்களாக நூல் கட்டிப் பிரிப்பார்கள். சதுரங்களுக்கு நடுவே 1 மீற்றர் அகலத்தில் வரம்பு விட்டுவிடுவதால் உண்மையில் தோண்டப்படுவது 4க்கு 4. வயல் வரம்பு மாதிரி நடந்து போகவும் உதவும், ஆனால் அதன் வேலை வேறு: வெட்டுமுகத்தில் மண்படைகள் வரிவரியாகத் தெரிய அந்த வரம்பு நிற்கவேண்டும். கருவிகளைப் பார்த்தால் நம்மூர் ஆள் சிரிப்பார். மண்வெட்டி, சின்னக் குத்துக்கோடரி, மேசன் கரண்டி, தூரிகை, மண் அள்ள இறப்பர் வாளி, அரிதட்டு. மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறும் இடத்தில் வேலையை நிறுத்தி, புது ‘லோகஸ்’ எண் கொடுக்கவேண்டும். லோகஸ் என்றால் ஒரு தனி மண்கூறு: ஒரு தரை, ஒரு குழி, ஒரு சுவர், ஒரு சாம்பல் படை. அதிலிருந்து வரும் ஓடுகளுக்கு, அதாவது உடைந்த மட்பாண்டத் துண்டுகளுக்கு, தனி வாளி, வாளிக்குத் திகதியும் எண்ணும் மட்ட உயரமும் எழுதிய அட்டை. அட்டை தொலைந்தால் வாளிக்குள் இருப்பது வெறும் குப்பை.

பிழை போவது பெரும்பாலும் இங்கேதான். நிறம் மாறியதைக் கவனிக்காமல் பத்து சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டினால், இரண்டு கால ஓடுகள் ஒரே வாளிக்குள் கலந்துவிடும். எலி வளையும் மர வேரும் மேல் ஓட்டைக் கீழே இறக்கிவிடும். ஆகவே விதி ஒன்று உண்டு: ஒரு படையின் காலத்தைச் சொல்வது அதிலுள்ள ஆகப் பிந்திய பொருள். ஒரு குழிக்குள் 99 பழைய ஓடும் ஒரு பிளாஸ்ரிக் தயிர்க் கோப்பையும் கிடந்தால், அந்தக் குழி தயிர்க் கோப்பைக் காலத்தது. ஆனால் அந்தக் கோப்பை எலி வளை வழியாக வந்ததல்ல என்பதை வெட்டுமுகத்தைப் பார்த்து உறுதிசெய்யவேண்டும். பரீட்சையில் இந்தக் கடைசி வரியை எழுதாதவருக்கு புள்ளி குறையும்.

வரம்பு விட்டுச் சதுரமாகத் தோண்டும் முறையை வளர்த்தவர் மோர்ட்டிமர் வீலர். அவர் 1945 இல் புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் தோண்டினார். இத்தாலியில் செய்த, காலம் தெரிந்த சிவப்பு மட்பாண்டம் அங்கே கிடைக்க, அதே படையில் கிடந்த உள்ளூர் உருளிப்பதிவு மட்பாண்டத்துக்கும் காலம் தெரிந்தது. அந்த வகை ஓடு கந்தரோடையிலும் திஸ்ஸமகாராமையிலும் கிடைத்திருக்கிறது. வீலரிடம் வேலை பழகிய கத்லீன் கென்யன் அதே முறையை 1952 இல் எரிகோவுக்குக் கொண்டுபோனார். எரிகோவைப் படித்தவர் கந்தரோடை அறிக்கையையும் வாசிக்கலாம், இலக்கணம் ஒன்றுதான்.

தயிர்ச் சட்டியில் ஒரு பயிற்சி

ஓடு வாசிக்கப் பழக இஸ்ரேலுக்குப் போகத் தேவையில்லை. உடைந்த தயிர்ச் சட்டிக்கு மட்டக்களப்பில் பஞ்சமில்லை. ஐந்தாறு விளிம்புத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய தாளில் கவராயத்தால் ஒரே மையத்திலிருந்து 1 செ.மீ. இடைவெளியில் வட்டங்கள் வரையுங்கள், 5 செ.மீ. ஆரையிலிருந்து 20 வரை போதும். விளிம்பின் வாய்ப்பக்கத்தைத் தாளில் கவிழ்த்து வைத்து, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விளிம்புக்கும் தாளுக்கும் இடையே வெளிச்சம் தெரியாத சரிவுதான் சட்டி உண்மையில் நின்ற சரிவு. அந்தச் சரிவை விடாமல் துண்டை வட்டங்களின்மேல் நகர்த்தினால் ஏதோ ஒரு வட்டத்தோடு வளைவு பொருந்தும். அதுதான் வாயின் ஆரை. முழு வட்டத்தில் எத்தனை வீதம் துண்டில் இருக்கிறது என்றும் குறிக்கவேண்டும். 5 வீதத்துக்குக் குறைந்த துண்டில் அளவு நம்பத்தக்கதல்ல. கையால் செய்த பானையின் வளைவு எங்கும் ஒரே மாதிரி இருக்காது.

பிறகு வரைதல். நடுவே ஒரு நெட்டுக்கோடு. ஒரு பக்கம் வெட்டுத்தோற்றம் கறுப்பாக நிரப்பியது, மறுபக்கம் வெளித்தோற்றம். பாடப்புத்தகத்தில் வரும் நூற்றுக்கணக்கான படங்களும் இப்படித்தான் இருக்கும். முதல்முறை பார்க்கிறவருக்கு அரைச் சட்டி வரைந்து விட்டுவிட்டார்கள் போலிருக்கும். உடைந்த முகத்தையும் பார்க்கவேண்டும்: நடு கறுத்து வெளிப்பக்கங்கள் சிவந்திருந்தால் சூளையில் காற்றும் நேரமும் போதவில்லை. மண்ணுக்குள் கலந்திருப்பது மணலா, உமியா, நொறுக்கிய கல்லா? விவிலிய நாடுகளில் சமையல் சட்டிக்கு நொறுக்கிய கல்சைற்று என்ற கனிமத்தைக் கலந்த குயவர்கள் இருந்தார்கள். அடுப்பில் ஏற்றி இறக்கும்போது வெடிக்காமல் இருக்க அது உதவும். ஆகவே கலவை சட்டியின் வேலையையும் சொல்லும்.

வடிவம் காலத்தோடு மாறுவதற்கு ஆக எளிய எடுத்துக்காட்டு விளக்கு. நடு வெண்கலக் காலத்தில் அது ஒரு சின்னத் தட்டு; திரி வைக்க ஓரத்தில் இலேசாகக் கிள்ளியிருக்கும். நம்மூர்ச் சிட்டி விளக்கை நினைத்துக்கொள்ளலாம். பின் வெண்கலக் காலத்தில் அந்தக் கிள்ளல் ஆழமாகி இரு ஓரமும் நெருங்கி வரும். இரண்டாம் இரும்புக் காலத்தின் கடைசியில், எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டில், அடி தடித்து உயர்ந்து, கால் வைத்த விளக்காகும். கிரேக்கர் காலத்தில் மேலே மூடிய விளக்கு. ஏரோது காலத்தில் சக்கரத்தில் வனைந்த உருண்டை உடலோடு, கத்தியால் செதுக்கிய விசிறி மூக்கைத் தனியே ஒட்டுவார்கள். இந்த ஐந்தையும் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தால் வினாவிடைத் தேர்வில் பயமில்லை.

எரிகோவும் லாகீசும்

1930களில் எரிகோவில் தோண்டிய ஜோன் கார்ஸ்டாங், இடிந்து கிடந்த இரட்டைச் சுவர் ஒன்றைக் கண்டு இது யோசுவா காலத்தில், கி.மு. 1400 அளவில் விழுந்த மதில் என்றார். உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. 1952 முதல் 1958 வரை அதே மேட்டில் வெட்டுமுகம் வைத்துத் தோண்டிய கென்யன், அந்தச் சுவர் முன் வெண்கலக் காலத்தது, அதாவது யோசுவாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்தியது என்று காட்டினார். நடு வெண்கலக் கால நகரம் எரிந்தது 1550 அளவில் என்றார். 1400 இல் அந்நகரம் இருந்திருந்தால் வந்திருக்கவேண்டிய சைப்பிரஸ் இறக்குமதி மட்பாண்டம் அங்கே இல்லை என்பது அவர் வாதத்தின் ஒரு கால். இல்லாமையை வைத்து வாதிடலாமா என்று 1990இல் பிரையன்ட் வூட் எதிர்த்து எழுதினார். எரிந்த தானியத்தின் கரிமக் காலக்கணிப்பு 1995 இல் வந்தபோது அது 16 ஆம் நூற்றாண்டுப் பக்கமே நின்றது.

கட்டுரை எழுதும் மாணவர் இதில் இரண்டு பக்கமும் சறுக்குகிறார். ஒருவர் கார்ஸ்டாங்கின் பழைய முடிவை எங்கோ ஒரு துண்டுப்பிரசுரத்தில் வாசித்து அப்படியே எழுதுவார். இன்னொருவர் ‘எரிகோ பொய்யாகிவிட்டது’ என்று ஒரே போடாகப் போடுவார். விரிவுரையாளர் கேட்பது வேறு: எந்தச் சுவர், எந்த ஆண்டு அகழ்வு, எந்தப் படையோடு அந்தச் சுவர் ஒட்டியிருந்தது?

லாகீஸ் இதற்கு நேர்மாறு. நாலு சாட்சி ஒரே நிகழ்வுக்கு நிற்பது இத்துறையில் அபூர்வம். கி.மு. 701 இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின்மேல் வந்ததாக 2 இராஜாக்கள் 18 சொல்கிறது. நினிவேயில் அவனுடைய அரண்மனைச் சுவரில் லாகீஸ் முற்றுகை கல்லில் செதுக்கப்பட்டிருந்தது, பெயரும் பொறித்திருக்கிறது, இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேட்டின் தென்மேற்கு மூலையில் அசீரியர் கல் குவித்து எழுப்பிய முற்றுகைச் சாய்தளம் இன்றும் கிடக்கிறது. மூன்றாம் அடுக்கு எரிந்து, ‘அரசனுக்குரியது’ என்று முத்திரை குத்திய சாடிக் கைபிடிகள் 400க்கும் மேல் அந்த ஊரிலிருந்து வந்தன. நாலாவது சாட்சி அசீரியரின் களிமண் பட்டகம்: அரணுள்ள 46 நகரங்களைப் பிடித்தேன், யூதா அரசன் எசேக்கியாவைக் கூட்டுக்குள் அடைத்த பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்தேன் என்கிறது. எருசலேமைப் பிடித்ததாக அது சொல்லவில்லை.

திறை எவ்வளவு? வேதம் பொன் 30 தாலந்து, வெள்ளி 300 என்கிறது. பட்டகம் பொன் 30, வெள்ளி 800 என்கிறது. பொன் ஒத்துப்போகிறது, வெள்ளி ஒத்துப்போகவில்லை. நிறை அளவு வேறா, வென்றவனின் வாய்வீச்சா, வேறு பொருளையும் சேர்த்து எண்ணியதா? நல்ல தவணைக் கட்டுரைக்கு இந்த ஒரு கேள்வி போதும். முழு முற்றுகையையும் எழுதப் போனால் 3,000 சொல்லுக்குள் அடங்காது.

அதே எசேக்கியாவோடு சேர்த்துப் பேசப்படுவது எருசலேம் சீலோவாம் சுரங்க வாய்க்கால். நீளம் ஏறக்குறைய 533 மீற்றர். 1880 இல் சுரங்கச் சுவரில் கண்ட ஆறு வரிக் கல்வெட்டு, இரு முனையிலிருந்தும் பாறையைக் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லி, தண்ணீர் 1,200 முழம் ஓடியது என்கிறது. வகுத்துப் பாருங்கள்: முழம் 44 செ.மீ. சொச்சம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்தால் நமக்கும் அவ்வளவுதான் வரும். ஆனால் அந்தக் கல்வெட்டில் எந்த அரசன் பெயரும் இல்லை. எசேக்கியா என்பது 2 இராஜாக்கள் 20:20 ஐயும் எழுத்தின் வடிவத்தையும் சுரங்கப் பூச்சில் இருந்த தாவரத் துணுக்குகளுக்கு 2003 இல் வெளிவந்த காலக்கணிப்பையும் சேர்த்து எட்டிய முடிவு.

கரிமம் கைவிடும் நூற்றாண்டுகள்

கார்பன்-14 என்றால் சந்தேகம் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பயிற்சி. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஒக்ஸ்கல் என்ற கணிப்பு மென்பொருளை இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதில் ஆய்வுகூடம் தரும் கரிம வயதாக 2900 ஆண்டு, வழு (கூடக்குறைய) 30 என்று கொடுங்கள். கி.மு. 1200க்கும் 1000க்கும் இடைப்பட்ட வீச்சு வரும். அடுத்து 2450, வழு 30 கொடுங்கள். விடை ஏறக்குறைய 750 முதல் 410 வரை பரந்து கிடக்கும். கருவி கெடவில்லை. கி.மு. 800 முதல் 400 வரை வளிமண்டலத்தில் கார்பன்-14 இன் அளவு ஏறி இறங்கியதால் அளவுத்திருத்தக் கோடு அங்கே தட்டையாக ஓடுகிறது. யூதாவின் கடைசி அரசர்கள், எருசலேமின் வீழ்ச்சி, பாபிலோன் சிறையிருப்பு, திரும்பி வருதல் எல்லாம் அந்தத் தட்டைக்குள்தான். 701ஐயும் 586ஐயும் இந்த முறை தனியே பிரித்துத் தராது; அங்கே சட்டியும் எழுத்துமே கைகொடுக்கும்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். கூரை உத்திரம் வீடு எரிந்த ஆண்டைச் சொல்லாது. மரம் அந்த வளையத்தை வளர்த்த ஆண்டைத்தான் சொல்லும், அதுவும் பழைய வீட்டிலிருந்து கழற்றி மாட்டிய மரமாக இருக்கலாம். ஆகவே ஓராண்டுப் பயிர் தேடுவார்கள்: கோதுமை மணி, ஒலிவ விதை. ஒரு விதையே போதும். இத்தனைக்கும் பிறகு, மெகிதோ மேட்டில் கண்ட நகர வாசல் சாலொமோன் கட்டியதா, பிந்திய அரசன் ஆகாப் கட்டியதா என்ற சண்டை, நூறாண்டுக்கும் குறைந்த இடைவெளியைப் பற்றியது. தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் 1996 இல் கிளப்பியது இன்னும் ஓயவில்லை.

இடம் இல்லாத பொருள்

1993 இல் தெல் தாணில் கிடைத்த அரமேயக் கல்வெட்டில் ‘தாவீதின் வீடு’ என்ற சொல் இருக்கிறது. கல்லை உடைத்து யாரோ சுவர் கட்டப் பாவித்திருந்தார்கள், அதன்மேல் கி.மு. 8 ஆம் நூற்றாண்டின் அசீரிய அழிவுப் படை மூடிக் கிடந்தது. நாவலடி மணலுக்குக் கீழே கிடைத்த பொருள் போலத்தான்: மேல்மூடி கலையாதவரை, கீழே இருப்பதை நேற்று யாரும் கொண்டுவந்து வைத்திருக்க முடியாது. ஆரம்பத்தில் போலி என்று சொன்னவர்களின் வாய் அடங்கியது இதனால்.

கடையில் வாங்கிய பொருளுக்கு அந்த மூடி இல்லை. வொஷிங்டன் விவிலிய அருங்காட்சியகம் சாக்கடல் சுருள் என்று வைத்திருந்த 16 துண்டுகளும் போலி என்று 2020 மார்ச்சில் அந்த நிறுவனமே அறிவித்தது. பழைய தோல்தான், எழுத்துத்தான் புதிது. உண்மைச் சுருள்களின் படங்களை இஸ்ரேல் தொல்பொருள் ஆணையம் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. தெளிவாகப் பெருப்பித்துப் பார்க்கலாம்.

முறையாகக் கிடைத்த பொருளையும் பிழையாக வாசிக்கலாம். 1968 இல் எருசலேமில் சிலுவையில் அறையப்பட்ட ஒருவனின் குதிகால் எலும்பு ஆணியோடு கிடைத்தது. ஒரே ஆணி இரு குதிகாலையும் துளைத்ததென முதல் அறிக்கை சொன்னது. 1985 இல் திரும்ப அளந்தவர்கள் ஆணியின் நீளம் 11.5 செ.மீ. மட்டும், அது துளைத்தது ஒரு குதிகாலைத்தான் என்றார்கள். முதல் அறிக்கைப் படத்தை இன்றும் பிரசங்கங்களில் காட்டுகிறார்கள்.

நமக்கென்று ஒரு சபலம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். 1 இராஜாக்கள் 10:22 இல் சாலொமோனின் கப்பல் மயில் கொண்டுவந்தது. அதற்கான எபிரேயச் சொல் ‘துக்கி’. அது தமிழ்த் ‘தோகை’ என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். அதே வசனத்தில் வரும் தர்சீஸ் என்பது நம் காலித் துறைமுகம்தான் என்று 19 ஆம் நூற்றாண்டில் இலங்கையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதினார். இருக்கலாம். ஆனால் இது சொல்லாராய்ச்சி. அந்த நூற்றாண்டுத் துறைமுகப் படை ஒன்றில் நம் பக்கத்துப் பொருள் கிடைக்காதவரை தொல்லியல் கட்டுரையில் இதை ஆதாரமாக எழுதினால் புள்ளி போகும். சாலொமோனுக்குப் பொன் வந்த இடமாக வேதம் சொல்லும் ஓப்பீர் பற்றிக் கையிலுள்ளது தெல் கசீலேயில் கண்ட ஓட்டெழுத்து: ‘ஓப்பீர் பொன், பெத்தொரோனுக்கு, 30 சேக்கல்’. அதுவும் மேட்டின் மேற்பரப்பில் கிடந்தது.

வாவிக்கரை மாணவர் விரும்பிப் படிக்கும் பொருள் ஒன்று கலிலேயாப் படகு. 1986 இல் வரட்சியில் ஏரி வற்றியபோது இரண்டு மீனவச் சகோதரர் சேற்றுக்குள் கண்டார்கள். நீளம் 8 மீற்றர் சொச்சம், அகலம் 2.3. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, ஆப்பு இறக்கிப் பொருத்தியது. பத்துக்கு மேற்பட்ட மரவகை, அதாவது கிடைத்ததையெல்லாம் போட்டு ஒட்டுப்போட்ட ஏழைப் படகு. ஈரம் காய்ந்தால் மரம் நொறுங்கிவிடும். அதனால் நுரை பூசி மிதக்கவைத்துக் கொண்டுபோய், மெழுகு போன்ற இரசாயனத்தில் ஆண்டுக்கணக்காக ஊறவைத்தார்கள். சேற்றில் மரத்துண்டைக் கண்டவுடன் வெயிலில் காயப்போடுவதுதான் ஆகக் கெட்ட வேலை.

மண்வெட்டியும் அரசியலும்

எருசலேமின் சில்வான் பகுதியில் 2005 இல் எய்லாத் மசார் பெரிய கற்கட்டடம் ஒன்றைக் கண்டு தாவீதின் அரண்மனையாக இருக்கும் என்றார். மற்ற ஆய்வாளர்கள் சுவர்கள் எல்லாம் ஒரே காலத்தவையா என்றே கேட்டார்கள். அந்தத் தொல்லியல் பூங்காவை நடத்துவது யூதக் குடியேற்ற அமைப்பு ஒன்று. சுற்றியிருப்பது பாலஸ்தீனர் வீடுகள். ஒரு படைக்கு எந்தப் பெயர் வைப்பது என்பது அங்கே காணிப் பிரச்சினை. மட்டக்களப்பு, அம்பாறை வாசகருக்கு இதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. ஆகவே இப்பாடத்தில் பழகும் கேள்விகள் வீட்டுக்குப் பக்கத்திலும் செல்லும்: எந்தப் படை? யார் தோண்டியது? முழு அறிக்கை வந்ததா? ஒரே மேட்டில் உள்ள பிற காலங்களின் படைகளும் அறிக்கையில் இருக்கின்றனவா? இதே கேள்விகளை நமக்குப் பிடித்த முடிவுகளிடமும் கேட்கவேண்டியிருக்கும் என்பதுதான் கொஞ்சம் கசப்பு.

களப்பயிற்சிக்கு வெளிநாடு போக நினைப்பவர்கள், 2023 ஒக்டோபருக்குப் பிறகு பல குழுக்கள் தங்கள் பருவத்தை இரத்துச் செய்ததைக் கணக்கில் எடுக்கவேண்டும். பணம் திரும்பத் தரும் நிபந்தனையை வாசிக்காமல் பதிவுக் கட்டணம் கட்டக்கூடாது. பருவம் பெரும்பாலும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கி மதியத்தோடு முடியும். பின்னேரம் ஓடு கழுவுதல்.

இங்கேயே கை பழகலாம் என்று வளவைத் தோண்டத் தொடங்கவேண்டாம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடித் தோண்ட உத்தரவுப் பத்திரம் வேண்டும். சொந்தக் காணியானாலும் அப்படித்தான். கிணறோ மலசலகூடக் குழியோ வெட்டும்போது தற்செயலாகப் பழைய ஓடு வந்தால் அறிவிக்கவேண்டும். அதற்கு முன் செய்யக்கூடியது: வெட்டிய பக்கச் சுவரை மேசன் கரண்டியால் மட்டும் சீவி, பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து, படைகள் தெரிய நேர் எதிரே நின்று படம் எடுப்பது, நில மட்டத்திலிருந்து ஓடு கிடந்த ஆழத்தைச் சென்ரிமீற்றரில் எழுதுவது, கைபேசியில் இடத்தின் ஆள்கூறுகளைக் குறிப்பது. ஓட்டைக் கழுவக்கூடாது. அதில் ஒட்டியிருக்கும் மண்ணும் அந்த லோகசைச் சேர்ந்ததுதான்.